அலையே இல்லாத அலைச்சறுக்குப் படம்: ஒரு சுவரொட்டியின் நிகழ்வு ஆய்வு

அலைச்சறுக்கு எனும் சர்ஃபிங்கின் பொற்காலத்தை நினைவூட்டும் படங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. மரச்சட்டம் வைத்த பழைய ஸ்டேஷன் வேகன் கார், அதன் கூரையில் ஆளுயரத்தை மீறும் சறுக்குப் பலகைகள், ஓரத்தில் இரண்டு தென்னை, அடிவானத்தில் பெரிய சூரியன். காலண்டர், காபிக் கோப்பை, தகரத் தட்டி, பனியன் என்று எதில் பார்த்தாலும் இதுதான். இந்தக் குடும்பத்தின் மூதாதையைத் தேடிப் போனால், 1964இல் தெற்குக் கலிபோர்னியாவில் ஒட்டப்பட்ட ஒரு சினிமா சுவரொட்டியில் போய் நிற்போம். புரூஸ் பிரவுன் இயக்கிய ‘தி எண்ட்லெஸ் சம்மர்’ ஆவணப்படத்துக்காக ஜான் வான் ஹாமர்ஸ்வெல்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் செய்தது அது.

படத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். முன்னால் ஒருவர் பலகையைத் தலையில் சுமந்து நிற்கிறார். பின்னால் சற்றுத் தள்ளி இருவர். மூவரும் முகமற்ற கருநிழல்கள். மேலே தட்டையான ஒரு மஞ்சள் வட்டம்; அதுதான் சூரியன். சுற்றிலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும். காரும் இல்லை, தென்னையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் அலைமேல் இல்லை. உலகம் முழுவதும் அலைச்சறுக்குக்கு அடையாளமாகிப்போன படத்தில் அலைச்சறுக்கே நடக்கவில்லை.

இன்று இதைப் பார்க்கிறவர்கள் பழைய நினைவின் சின்னமாகவே பார்க்கிறார்கள். செய்தவர் கையிலிருந்து புறப்பட்டபோது இதில் பழமை துளியும் கிடையாது. அன்றைய புதுப் பலகை, அன்றைய புது மை, அன்றைய புதுப் படம். ஏக்கமெல்லாம் பின்னால் வந்து படிந்தது. அது எப்படிப் படிந்தது, ஏன் இந்தப் படத்தின்மேல் மட்டும் இவ்வளவு கனமாகப் படிந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பலகையும் ஊரும்

கதை நடக்கும் இடம் டானா பாயின்ட். லாஸ் ஏஞ்சலிஸுக்கும் சான் டியாகோவுக்கும் நடுவே, செங்குத்தான பாறைக்குக் கீழே இருக்கும் கடற்கரை. ஹோபி ஆல்டர் 1954இல் இங்கே பலகைக் கடை திறந்தார். அதுவரை பலகைகள் பால்சா மரத்தில் செய்யப்பட்டன. அதற்கும் முன்பு அமெரிக்க ரெட்வுட் மரத்தில். தூக்குவதற்கே தனிப் பலம் வேண்டும். நல்ல பால்சா தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவேண்டும். வந்ததில் பாதி தேறாது. ஹோபியும் அவரிடம் வேலை பார்த்த கார்டன் கிளார்க்கும் 1958 வாக்கில் பாலியூரித்தேன் நுரையை அச்சில் ஊற்றிப் பலகை செய்யும் முறையைப் பிடித்துவிட்டார்கள். நுரைக் கட்டையை நடுவே நீளவாக்கில் பிளந்து, மெல்லிய மரச்சட்டம் ஒன்றை வைத்து ஒட்டி, இழைத்து வடிவம் கொடுத்து, மேலே கண்ணாடியிழைத் துணி போர்த்தி ரெசின் பூசினால் பலகை தயார். மரம் வரும் கப்பலுக்காகக் காத்திருக்கும் காலம் அதோடு முடிந்தது.

1959இல் மாலிபு கடற்கரைப் பெண் ஒருத்தியின் கதையை ஹாலிவுட் படமாக்கியபோது, பலகை வேண்டும் என்று கடைகளில் கூட்டம் மொய்த்தது. கூட்டத்துக்குக் கொடுக்க நுரைப் பலகை கைவசம் இருந்தது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வந்திராவிட்டால் நாம் பேசும் சுவரொட்டிக்கு வேலையே இருந்திருக்காது.

பலகை ஒன்பது பத்து அடி நீளம், ஏறக்குறைய 22 அங்குல அகலம், 11 முதல் 14 கிலோ எடை. அடிப்புறத்தில் வால்பக்கம் ஒற்றைத் துடுப்புத் தகடு. இவ்வளவு பெரிய பலகையைச் சட்டென்று திருப்ப முடியாது. அலை ஓடும் போக்கிலேயே நின்று, அடிமேல் அடி வைத்து முன்னால் நடந்து, மூக்கு எனப்படும் முன்முனையில் பத்து கால்விரலையும் வெளியே தொங்கவிட்டு நிற்பதுதான் அதில் உச்சபட்ச வித்தை. ஹவாயின் வைகிகி கடற்கரையில் அலைச்சறுக்கு முன்னோடி டியூக் கஹானமோக்கு தலைமுறையினர் நின்ற நிமிர்ந்த நிலையின் வழித்தோன்றல் அது. இந்த விளையாட்டுக்கு நிதானம் இயல்பாகவே அமைந்துவிட்டது. பின்னாளில் ஓவியர்களுக்குப் பிடித்துப்போனதும் அந்த நிதானம்தான்.

அதே வட்டாரத்தில்தான் ஜான் செவர்சன் 1960இல் ‘சர்ஃபர்’ பத்திரிகையைத் தொடங்கினார். ராணுவப் பணிக்காக ஹவாயில் இருந்தபோது அலைச்சறுக்கு ஓவியங்கள் வரைந்து விற்றவர் அவர். பத்திரிகை முதலில் வெளிவந்தது அவருடைய சொந்தத் திரைப்படத்துக்குத் துணைப் புத்தகமாக. 1961 முதல் ரிக் கிரிஃபின் என்ற பதின்வயதுப் பையன் அதில் ‘மர்ஃபி’ என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை வரைந்தான். வான் ஹாமர்ஸ்வெல்டும் இந்த வட்டத்தைச் சேர்ந்தவர்தான். 1941இல் பிறந்தவர், சிறுவயதிலிருந்தே அலைச்சறுக்குபவர், ஆர்ட் சென்டர் கல்லூரியில் வடிவமைப்பு படித்தவர், ‘சர்ஃபர்’ பத்திரிகையில் பக்க வடிவமைப்பு செய்தவர். கடற்கரையை வெளியிலிருந்து வேடிக்கை பார்த்து வரைந்த ஆள் இல்லை.

பத்து மைல் தாண்டாது என்றார்கள்

திரைப்படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மைக் ஹின்சன், ராபர்ட் ஆகஸ்ட் என்ற இரண்டு கலிபோர்னிய இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு, கோடை எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போய் அலை தேடுவது என்பது புரூஸ் பிரவுனின் திட்டம். செனகல், கானா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, டஹீடி, ஹவாய். உலகைச் சுற்றும் யோசனைகூடக் காசுக் கணக்கில் வந்ததுதான்: தென்னாப்பிரிக்கா போய்த் திரும்புவதைவிட உலகைச் சுற்றி வரும் டிக்கெட் 50 டாலர் மலிவு என்று பயண முகவர் சொன்னாராம். 16 மில்லிமீட்டர் கேமரா, மொத்தச் செலவு சுமார் 50,000 டாலர். முடிவில்லாத கோடை என்ற ஆசை சென்னை வெயிலில் மே மாதத்தைத் தள்ளுகிறவர்களுக்கு ஒரு தண்டனையாகத் தோன்றலாம். குளிர்ந்த பசிபிக் நீரில் ரப்பர் உடையோடு நடுங்கியவர்களுக்கு அது வேறு விஷயம்.

1964இல் பிரவுன் அரங்கம் அரங்கமாகப் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு போய், மேடையோரம் நின்று தானே கதை சொல்லிப் படம் காட்டினார். சுவரொட்டி இந்தச் சுற்றுக்காகத்தான். விநியோகஸ்தர்கள் இதைத் தொட மறுத்தார்கள். கடலிலிருந்து பத்து மைல் தாண்டினால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்றார்கள். கன்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரத்தில், சுற்றிலும் எங்கும் கடல் இல்லாத ஊரில், கொட்டும் குளிர்காலத்தில் அரங்கை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்காட்டினார்கள். அரங்கு நிறைந்தது. அப்படியும் நம்பாதவர்களுக்காக நியூயார்க்கில் ஒரு அரங்கைத் தாங்களே பிடித்துத் திரையிட்டார்கள். பிறகு சினிமா ஃபைவ் நிறுவனம் எடுத்துக்கொண்டு 1966இல் நாடெங்கும் வெளியிட்டது. கடலைக் கண்ணால் பார்த்திராத ஊர்களின் சுவர்களில் அந்த மூன்று கருநிழல்களும் ஏறின.

மேசைமேல் நடந்தது

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது.

மூலம் ஒரு புகைப்படம். டானா பாயின்டை ஒட்டிய சால்ட் கிரீக் கடற்கரையில் பாப் பேக்லி எடுத்தது. தலையில் பலகையோடு முன்னால் நிற்பவர் இயக்குநர் புரூஸ் பிரவுனேதான். நாயகர்கள் ஹின்சனும் ஆகஸ்டும் பின்னால். சுவரொட்டியில் இயக்குநர் முன்னால் வந்து நாயகர்கள் பின்னுக்குப் போனது எந்தத் தயாரிப்பாளரும் வேண்டுமென்று செய்யும் காரியம் அல்ல. முகங்கள் மறைந்துபோனதால் அதைக் கேள்வி கேட்கவும் ஆள் இல்லாமல் போயிற்று.

ஒரு புகைப்படத்தில் வெளுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே எத்தனையோ சாம்பல் படிகள் உண்டு. அதை லித் ஃபிலிம் என்ற அச்சகப் படச்சுருளில் படியெடுத்தால் நடுப்படிகள் எல்லாம் உதிர்ந்துவிடும். கறுப்பு கறுப்பாகவும் வெளுப்பு வெளுப்பாகவும் மட்டும் மிஞ்சும். பழைய அச்சக இருட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கைவேலை. சட்டைச் சுருக்கம், மணலின் பொடி, கண், மூக்கு எல்லாம் கரைந்து உருவத்தின் விளிம்பு மட்டும் நிற்கும். வான் ஹாமர்ஸ்வெல்ட் இந்த விளிம்புகளை எடுத்துக்கொண்டு, பின்னணியைத் தட்டையான வண்ணப் பரப்புகளாகப் பிரித்தார். எழுத்தைக் கையால் வரைந்தார். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குக் கரைந்து போகும் இடமே கிடையாது. ஒன்று முடியும் கோட்டில் அடுத்தது தொடங்கிவிடும்.

அடுத்தது மை. வழக்கமான மை, விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பும். அதனால் அது ஒருபோதும் வெள்ளைத் தாளைவிடப் பிரகாசமாக இருக்கமுடியாது. ஒளிரும் மை புறஊதாக் கதிரையும் நீலத்தையும் விழுங்கி, அந்த ஆற்றலை ஆரஞ்சாகவோ இளஞ்சிவப்பாகவோ வெளியே விடும். விழுந்ததைவிட அதிகமாக அந்த நிறம் திரும்பி வருவதால், தாளே விளக்கைப் போட்டுக்கொண்டதுபோல் தெரியும். நம்மூரில் பொதுக்கூட்டச் சுவரொட்டிகளில், மூன்று தெரு தள்ளியே கண்ணைக் குத்தும் அந்த ரோஸ் நிறம் எப்படி இருக்குமோ அப்படி. கிளீவ்லாந்து நகரத்தின் ஸ்விட்சர் சகோதரர்கள் உருவாக்கி ‘டே-குளோ’ என்ற பெயரில் விற்ற இந்த நிறங்கள் எச்சரிக்கைப் பலகைகளுக்கும் சலவைத்தூள் பெட்டிகளுக்கும் ஏற்றவையாகக் கருதப்பட்டன. மதிப்பான கலை என்று எண்ணியவர்கள் இதைத் தொடமாட்டார்கள்.

இந்த மை கனமாகப் படிந்தால்தான் வேலை செய்யும். ஆஃப்செட்டில் மை மெல்லிய படலமாகத்தான் இறங்கும்; சில்க் ஸ்கிரீனில் மெல்லிய துணி வழியே ரப்பர் பட்டையால் இழுத்துத் தள்ளும்போது தடிப்பாக இறங்கும். ஆகவே சுவரொட்டி ஸ்கிரீனில்தான் அச்சாகவேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம், ஒரு இழுப்பு, காயவைப்பு, மறுபடி அடுத்த நிறம். தட்டைப் பரப்புகளும் குறைந்த நிறங்களும் ரசனைக்காக எடுத்த முடிவு என்று மட்டும் பார்க்கவேண்டியதில்லை. ஸ்கிரீன் அச்சு அதைத்தான் நன்றாகச் செய்யும். முறையின் வரம்பும் ஆளின் கண்ணும் ஒத்துப்போன அபூர்வமான சந்தர்ப்பம். இந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் தொகை 150 டாலர்.

இதை எடுத்துக்கொண்டு ‘பழமையின் இனிய நினைவு’ என்று யாராவது 1964இல் சொல்லியிருந்தால் வான் ஹாமர்ஸ்வெல்ட் சிரித்திருப்பார் என்பது என் ஊகம். பார்க்கிறவரைத் திடுக்கிடவைக்கச் செய்த படம் அது. சில ஆண்டுகளிலேயே அவர் லாஸ் ஏஞ்சலிஸில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இசை நிகழ்ச்சிக்குச் சுவரொட்டி செய்தார். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுக்களுக்கு இசைத்தட்டு உறைகள் செய்தார். ரிக் கிரிஃபினும் சான் பிரான்சிஸ்கோ போய் சைகடெலிக் எனப்படும் மாயச்சுழல் சுவரொட்டிகளின் பெரிய பெயர்களில் ஒருவரானார். இருவருமே முன்னால் பார்த்து ஓடியவர்கள்.

தலையில் சுமந்த பலகை

முன்னால் நிற்கும் உருவத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பலகை தலையில் கிடைமட்டமாக இருக்கிறது, கை அதைப் பிடித்திருக்கிறது. தோரணைக்காக எடுத்த நிலை என்று தோன்றும். உண்மையில் அன்றைய பலகையைத் தூக்கிப் போக அதுவே வசதி. 22 அங்குல அகலத்தை அக்குளில் இடுக்கினால் பலருடைய விரல் மறுவிளிம்பை எட்டாது. எட்டினாலும் 12 கிலோவை மணலில் நெடுந்தூரம் அப்படிச் சுமக்கமுடியாது. எடையை உச்சந்தலையில் ஏற்றிக்கொண்டால் நடக்கலாம். நம் கடற்கரைகளில் மீன் கூடையைத் தூக்கும் பெண்களிடம் கேட்டால் இதற்கு மேல் விளக்கமே தேவையிருக்காது.

இன்னொன்று, காலில் கயிறு இல்லை. பலகையைக் கணுக்காலோடு கட்டும் கயிறு 1970களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முன் விழுந்தால் பலகை கரைக்கு ஓடும், பின்னாலேயே நீந்திப்போய் எடுத்துவரவேண்டும். பாறைக் கரை என்றால் பலகை நொறுங்கும். இன்றைய பழமைப் படங்கள் சிலவற்றில், 1950களின் காரையும் மரப்பலகையையும் கவனமாக வரைந்துவிட்டுக் காலில் கயிறு மாட்டிவிட்டிருப்பார்கள். அந்தக் கயிற்றைக் கண்டதும் ஓவியர் எங்கிருந்து பார்த்து வரைந்தார் என்பது தெரிந்துவிடும்.

தலைச்சுமை கிட்டத்தட்ட எல்லாப் படங்களிலும் தங்கிவிட்டது. எடை குறைந்த பலகை வந்த பிறகும், அக்குளில் இடுக்கிப் போகலாம் என்ற பிறகும், ஓவியத்தில் மட்டும் ஆட்கள் பலகையைத் தலையில்தான் வைத்துக்கொள்கிறார்கள். தேவையில் பிறந்த ஒன்று தேவை போனதும் பாவனையாகிவிட்டது. மரச்சட்டக் காரின் கதையும் இதேதான். சட்டத்துக்கு ஆண்டுதோறும் வார்னிஷ் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் உளுத்துவிடும். இந்தத் தொல்லையால் பழைய வண்டிகள் அடிமாட்டு விலைக்கு வந்தன; பத்தடிப் பலகை உள்ளே போகும் என்பதால் காசில்லாத பையன்கள் வாங்கினார்கள். இன்று அதே காரை வாங்கச் செல்வந்தர்கள் ஏலத்தில் போட்டி போடுகிறார்கள்.

1966

சுவரொட்டி நாடு முழுவதும் போன அதே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்வு விளங்கும்.

முதலாவது சுவரொட்டியின் வெற்றி, அதைச் சொல்லியாயிற்று.

இரண்டாவது சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டி. ஆஸ்திரேலியாவின் நேட் யங், ‘மேஜிக் சாம்’ என்று பெயரிட்ட, வழக்கத்தைவிட மெல்லிய 9 அடி 4 அங்குலப் பலகையில், மூக்கில் நிற்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அலையின் முகத்தில் வெட்டி வெட்டித் திரும்பினார். மூக்கு வித்தையில் மன்னன் என்று பேரெடுத்த டேவிட் நுஉய்வா தோற்றார். 1967இல் பாப் மெக்டாவிஷ் முதலான ஆஸ்திரேலியர்கள் பலகையை இன்னும் குறுக்கினார்கள். 1968 முடிவதற்குள் நீளப் பலகையோடு கடற்கரைக்குப் போவது அவமானம் என்ற நிலை வந்துவிட்டது. பலர் வீட்டிலிருந்த பலகையின் கண்ணாடியிழைத் தோலை உரித்து, உள்ளே இருந்த நுரையை அறுத்துக் குட்டைப் பலகை செய்துகொண்டார்கள். நல்ல நிலையில் உள்ள 1960களின் பலகைகளுக்கு இன்று இவ்வளவு விலை இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது டானா பாயின்டிலேயே நடந்தது. பாறைமுனையின் கீழே உடைந்த பெரிய அலைக்கு ‘கில்லர் டானா’ என்று பெயர். தெற்குக் கலிபோர்னியாவின் பேர்பெற்ற அலைகளில் ஒன்று அது. 1966இல் அங்கே படகுத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். லாரி லாரியாகப் பாறை கொட்டினார்கள். அலை போனது போனதுதான். அந்த இடத்தில் இன்று உல்லாசப் படகுகள் கட்டிக்கிடக்கின்றன.

சுவரொட்டி ஒட்டிய பசை காய்வதற்குள் அதில் இருந்த பலகையும், அது பிறந்த ஊரின் அலையும் போய்விட்டன. வேறு எந்த விளையாட்டின் படத்துக்கும் இவ்வளவு சீக்கிரம் இப்படி நேர்ந்ததாக எனக்கு நினைவில்லை. பழமை நினைவு உருவாக வழக்கமாக ஒரு தலைமுறையாவது ஆகும். இங்கே மூன்றே ஆண்டில் அதற்கான எல்லாமும் சேர்ந்துவிட்டது. முகமில்லாத உருவங்கள் அதற்குத் தோதாக இருந்தன. அலைமேல் சாகசம் செய்யும் ஒரு குறிப்பிட்ட வீரனின் படம் என்றால் அது அவனுடையதாகவே இருந்திருக்கும். மணலில் நிற்கும் கருநிழலில் யார் வேண்டுமானாலும் தன்னை வைத்துப் பார்க்கலாம், விசிட்டா நகரத்துக்காரர் உட்பட.

வெளுப்பை விற்கும் வியாபாரம்

நீளப் பலகை திரும்பி வந்தது. குட்டைப் பலகையில் முட்டி தேய்ந்த நடுவயதுக்காரர்கள் 1980களில் பழையபடி நீளத்தைத் தேடினார்கள். 1990களில் ஜோயல் டியூடர் போன்ற இளைஞர்கள் அதையே விரும்பி எடுத்துக்கொண்டார்கள். படங்களின் சந்தையும் கூடவே திரும்பி வந்தது. திரைப்படம் 2002இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. டானா பாயின்டின் சாலையோரத்தில் ஹோபி ஆல்டர் முதலானவர்களுக்கு வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. பலகைத் தொழிலின் அச்சாணியாக இருந்த கார்டன் கிளார்க்கின் நுரைத் தொழிற்சாலை மட்டும் 2005 டிசம்பரில் ஒரே நாளில் மூடப்பட்டு, பலகை செய்பவர்களை எல்லாம் தவிக்கவிட்டது.

இந்தச் சந்தையின் நிறங்களில்தான் எனக்குப் பிணக்கு. இன்று ‘விண்டேஜ்’ என்று விற்கும் அலைச்சறுக்குப் படங்களைப் பாருங்கள்: பழுப்பேறிய தாள், கடுகு மஞ்சள், சாயம் போன பச்சைநீலம், மங்கிய செங்கல் நிறம். ஓரங்களில் கணினியில் சேர்த்த கீறலும் கறையும். இதைத்தான் அறுபதுகளின் நிறம் என்று நம்பவைக்கிறார்கள். அறுபதுகள் அப்படி இருக்கவில்லை. பலகைகளே அழுத்தமான சிவப்பிலும் மஞ்சளிலும் பட்டை பட்டையாக வந்தன. சுவரொட்டி கண்ணைக் கூசவைத்தது. இவர்கள் வரைவது அந்தக் காலத்தின் நிறத்தையல்ல. அந்தக் காலத்துத் தாள் அறுபது ஆண்டு கிடந்து கெட்டுப்போன நிறத்தை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒளிரும் மையின் பெரிய பலவீனம் வெயில். எந்தப் புறஊதாக் கதிரை விழுங்கி ஒளிர்கிறதோ, அதே கதிர் அந்த நிறமியைச் சிதைத்துவிடும். சூரியனைக் கொண்டாடும் சுவரொட்டியை வெயில்படும் சன்னலுக்கு எதிரே மாட்டினால் சில மாதங்களிலேயே இளஞ்சிவப்பு வெளிறத் தொடங்கும். போதாததற்கு, நான்கு வண்ண ஆஃப்செட்டிலோ கணினித் திரையிலோ ஒளிரும் மையைக் காட்டவே முடியாது. புத்தகத்திலும் இணையத்திலும் இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்தது அதன் அமுங்கிய நகலை. இன்றைய ஓவியர்களில் பலரும் அந்த நகலிலிருந்துதான் நிறம் எடுத்தார்கள்.

எல்லோரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. மூக்கில் நிற்பவரின் முதுகு வளைவையும், அடுத்த அடி வைக்கும்போது பின்கால் உயரும் கணத்தையும் சரியாகப் பிடித்து வரைகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் கிடந்து பார்த்த கண்ணால்தான் அது வரும். சூரியனையும் காரையும் எடுத்து ஒட்டுகிறவர்களின் படத்தில் ஆள் பலகைமேல் நிற்பது பஸ் நிறுத்தத்தில் நிற்பது மாதிரி இருக்கும்.

கருநிழலுக்குள் யார்?

முகமின்மை எல்லோருக்கும் இடம் கொடுத்தது என்றேன். அந்தக் கடற்கரை எல்லோருக்கும் இடம் கொடுத்ததா என்பது வேறு கேள்வி. பழமைப் படங்களில் கரையில் நிற்பதும் கடலில் இருப்பதும் அநேகமாக வெள்ளை இளைஞர்கள். பெண் வந்தால் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பாள்.

நிக் கபால்டன் 1927இல் பிறந்தவர். ஆப்பிரிக்க அமெரிக்கரும் மெக்சிகோ வம்சாவளியும் கலந்த குடும்பம். சான்டா மோனிகாவில் கறுப்பின மக்கள் கூடிய ‘இங்க்வெல்’ கடற்கரையில் அலைச்சறுக்கக் கற்றார். மாலிபு அலையைப் பிடிக்க ஏறக்குறைய 19 கிலோமீட்டர் பலகையில் கையால் துழாவியே போய்வந்தார். 1951 ஜூனில் கடலுக்குள் நீளும் மாலிபு பாலத்தின் தூண்களில் மோதி இறந்தார், வயது 24. மாலிபுவை வரைந்த பழமைப் படங்கள் எண்ணிலடங்கா. அந்தப் பாலமும் அவற்றில் தவறாமல் இருக்கும். அவர் இருப்பது அரிது.

மன்ஹாட்டன் பீச் இன்னொரு உதாரணம். கலிபோர்னியாவின் முதல் பலகைக் கடைகளில் ஒன்றை டேல் வெல்சி அங்கேதான் நடத்தினார். நீளப் பலகைப் புராணத்தில் அந்த ஊருக்குப் பெரிய இடம். அதே ஊரில் வில்லா, சார்லஸ் புரூஸ் தம்பதியினர் 1912இல் நிலம் வாங்கி, கறுப்பின மக்களுக்கான கடற்கரை விடுதி நடத்தினார்கள். 1924இல் பூங்கா அமைக்கப்போவதாகச் சொல்லி நகராட்சி நிலத்தைப் பறிக்க முடிவெடுத்தது. 2022இல்தான் அது வாரிசுகளிடம் திரும்பியது. வெல்சி கடை திறந்தபோது அந்தக் கரை யாருடையது என்பது ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது.

திரைப்படத்துக்கும் இதே கண்தான். 1963இல் தென்னாப்பிரிக்கா போய், கேப் செயின்ட் ஃபிரான்சிஸில் கண்ணாடி போன்ற அலையைக் கண்டு பரவசப்படுகிறது. கடற்கரைகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த நாடு அது. சுறாக்களையும் டால்பின்களையும் வைத்துச் சொன்ன ஒரு நகைச்சுவை வரியோடு அந்த விஷயம் கடந்துபோகிறது.

பெண்கள் கதையும் அப்படியே. லிண்டா பென்சன் 1959இல் பதினைந்து வயதில் ஹவாயின் வைமியா பேரலையில் ஏறினார். டானா பாயின்டை அடுத்த கபிஸ்ட்ரானோ பீச்சில் வளர்ந்த ஜாய்ஸ் ஹாஃப்மன் அறுபதுகளின் நடுவில் உலகப் பட்டங்கள் வென்றார். சுவரொட்டிக்குப் படமெடுத்த மணலிலிருந்து அவர் ஊர் கூப்பிடு தூரம். துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை வரைகிறவர்களுக்கு மாதிரி வேண்டுமென்றால் பக்கத்திலேயே இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்காக 1964இன் சுவரொட்டியைக் குற்றம் சாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது தன் கண்ணெதிரே இருந்த மூன்று நண்பர்களைக் காட்டியது, அவ்வளவுதான். 2020களில் அறுபதுகளை வரைகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்கு முழுக் கதையும் தெரியும்.

வாங்க நினைப்பவர்களுக்கு

இந்தச் சுவரொட்டி பலமுறை மறு அச்சாகியிருக்கிறது. முதல் சுற்றுக்கு ஸ்கிரீனில் அச்சிட்டது ஒன்று. 1966 தேசிய வெளியீட்டுக்கு வந்தவை வேறு. பின்னால் வந்த நினைவுப் பதிப்புகள், கையெழுத்திட்ட பதிப்புகள், உரிமம் இல்லாத நகல்கள் தனி. முதல் வகைக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள். ஆகவே பழையதாக்கிக் காட்டும் வேலையும் நடக்கும்.

இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள்: நிறப்பரப்பில் ரோஜாப்பூ மாதிரி நுண்புள்ளிகள் தெரிந்தால் அது நான்கு வண்ண ஆஃப்செட், ஸ்கிரீன் அச்சில் மை புள்ளியில்லாமல் ஒரே படலமாக இருக்கும், விளிம்பில் லேசான மேடு தெரியும். அடுத்து, ரூபாய் நோட்டைச் சோதிக்க வைத்திருக்கும் புறஊதா விளக்கைக் காட்டுங்கள். நான்கு வண்ண அச்சின் மை ஒளிராது. வெறும் தாள்தான் நீலமாக மினுங்கும், அதுவும் ஒளிர்ப்பு ரசாயனம் சேர்த்த தாள் என்றால். நிறமே பற்றியெரிந்தால் உண்மையான ஒளிரும் மை. ஆனால் பிற்காலப் பதிப்புகளிலும் ஸ்கிரீன் அச்சு உண்டு, அவையும் ஒளிரும். எனவே வெயிலில் வெளிறாமல் இருந்தும் ஒளிராதது முதல் அச்சு அல்ல என்று மட்டும் இந்தச் சோதனை சொல்லும். ஒளிர்வது முதல் அச்சு என்று சொல்லாது. அதற்குத் தாளின் அளவு, அடியில் அச்சிட்ட நிறுவனப் பெயர், கைமாறி வந்த வழி மூன்றையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். விற்பவர் கைமாறிய வழியைச் சொல்ல மழுப்பினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆசை விடவில்லை என்றால் உரிமத்தோடு வந்த மறுபதிப்பில் ஒளிரும் மையில் அச்சானதாகப் பார்த்து ஒன்று வாங்கி, வெயில் படாத சுவரில், புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டு மாட்டுங்கள்.